துளையிட்ட காசு: சீன நாணயங்களின் வரலாறும் வகைகளும்

அரபு இலக்கிய வகுப்பில் பயண நூல்களைப் பாடம் சொல்லும்போது, மாணவர்கள் தவறாமல் ஐயம் எழுப்பும் இடம் ஒன்றுண்டு. ‘அக்பாருஸ் ஸீன் வல் ஹிந்த்’, அதாவது ‘சீனா, இந்தியா பற்றிய செய்திகள்’ என்னும் நூலின் முதற்பகுதி ஹிஜ்ரி 237-ல் (கி.பி. 851) எழுதப்பட்டது. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸீராஃப் துறைமுகத்தைச் சேர்ந்த அபூ ஸைத் என்பவர் அதற்கு இரண்டாம் பகுதியை எழுதிச் சேர்த்தார். சீனரின் காசைப் பற்றி அவர் தரும் செய்தி வருமாறு: அது செம்புடன் வேறு உலோகங்களைக் கலந்து செய்யப்படுவது. அதன் நடுவே கயிறு நுழையுமளவு அகன்ற துளை உண்டு. நூறு காசுக்கு ஒரு முடிச்சாக ஆயிரம் காசைக் கோத்து வைப்பார்கள். அந்த ஆயிரத்தின் மதிப்பு ஒரு மிஸ்கால் தங்கம். தோட்டம் வாங்கினாலும் கீரை வாங்கினாலும் சீனர் கொடுப்பது இந்தக் காசைத்தான்.

‘தங்கமும் வெள்ளியும் முத்தும் பட்டும் நிறைந்த நாட்டார் செம்பை ஏன் காசாக்கினார்கள்?’ என்பதே மாணவர்களின் கேள்வி. சீனர் இதற்குச் சொன்ன விடையையும் அபூ ஸைத் பதிவு செய்திருக்கிறார். அரபியரின் வீட்டில் புகுந்த திருடன் பத்தாயிரம் தீனாரைத் தோளில் சுமந்து போய்விடலாம். வீட்டுக்காரர் அத்துடன் அழிந்தார். சீனர் வீட்டில் புகுந்தவனோ பத்தாயிரம் காசுக்கு மேல் சுமக்க இயலாது. அதன் மதிப்பு பத்து மிஸ்கால்தான்.

விடை சுவையானது, ஆயினும் முழுமையானதன்று. தீனாரும் திர்ஹமும் தம்முள் அடங்கிய தங்கத்தாலும் வெள்ளியாலும் மதிப்புப் பெற்றவை. சீனக் காசோ எண்ணிக் கொடுப்பதற்கென்றே உண்டானது. அதன் மதிப்பில் ஒரு பகுதியை உலோகம் தந்தது. மறு பகுதியை அரசின் சொல் தந்தது. அந்தச் சொல் எவ்வளவு தூரம் செல்லுபடியாயிற்று, எங்கே முறிந்தது என்பதே இரண்டாயிரம் ஆண்டு சீன நாணய வரலாற்றின் சாரம் எனலாம்.

ஒரு சொற்குறிப்பையும் இங்கே தருவது பொருந்தும். அரபியர் இந்நாணயத்தை ‘ஃபல்ஸ்’ என்றனர். அதன் பன்மையே நாம் வழங்கும் ‘ஃபுலூஸ்’. ஆங்கிலேயர் இதனைக் ‘கேஷ்’ என்று அழைத்தனர். சீனக் காசைக் குறிக்கும் அந்தச் சொல் நம் ‘காசு’ என்னும் தமிழ்ச்சொல்லே. போர்ச்சுகீசியர் வழியாக அவர்களை அடைந்தது.

சோழியும் மண்வெட்டியும் கத்தியும்

உலோகக் காசு தோன்றுவதற்கு முன்பே, ஷாங் வம்சக் காலத்தில், கடற்சோழி செல்வப் பொருளாக மதிக்கப்பட்டது. வாங்குதல், சரக்கு, செல்வம் முதலியவற்றைக் குறிக்கும் சீன எழுத்துகளில் சோழியைக் குறிக்கும் ‘பெய்’ என்னும் உறுப்பு இன்றளவும் இடம்பெற்றிருப்பது இதற்குச் சான்று.

ஜோவ் வம்சத்தின் பிற்பகுதியில் நாடு பல அரசுகளாகப் பிரிந்து கிடந்தபோது, நாணயமும் பல வடிவங்களில் பிறந்தது. உழவுக் கருவியை ஒத்த மண்வெட்டி வடிவக் காசு மஞ்சள் ஆற்றின் நடுப்பகுதி அரசுகளில் வழங்கியது. முதலில் உண்மையான மண்வெட்டிபோல் பிடி செருகும் குழலுடனும், பின்னர் தட்டையாகவும் அது வார்க்கப்பட்டது. கிழக்கே சி நாட்டிலும் வடகிழக்கே யான் நாட்டிலும் கத்தி வடிவக் காசு வழங்கிற்று. தெற்கே சூ நாட்டில் சோழியைப் போன்ற சிறு வெண்கலக் காசு இருந்தது. அதன் தோற்றத்தைக் கொண்டு பிற்காலத்தார் அதற்கு ‘எறும்பு மூக்குக் காசு’ என்று பெயரிட்டனர். மேற்கே வேய், சின் அரசுகளில் துளையுள்ள வட்டக் காசு தோன்றியது. எளிதில் கோக்கவும் எண்ணவும் சுமக்கவும் ஏற்ற இவ்வட்டக் காசே இறுதியில் நிலைபெற்றது.

அரை லியாங்கும் ஐந்து ஜூவும்

கி.மு. 221-ல் சின் அரசர் நாடு முழுவதையும் ஒன்றுபடுத்தியபோது, எழுத்தையும் எடை அளவுகளையும் போலவே நாணயத்தையும் ஒருமைப்படுத்தினார். வட்ட உருவும் சதுரத் துளையும் கொண்ட ‘பான் லியாங்’ காசு நாடெங்கும் பொதுவாயிற்று. ‘அரை லியாங்’ என்பது அதன் பொருள். ஒரு லியாங் 24 ஜூ ஆதலின் இக்காசின் எடை 12 ஜூ இருத்தல் வேண்டும். காசின் மீது அதன் எடையே பெயராகப் பொறிக்கப்பட்டது என்பது கருதத்தக்கது. அந்தப் பெயர் ஒரு வாக்குறுதி.

வாக்குறுதி விரைவிலேயே மீறப்பட்டது. பின்வந்த ஹான் வம்சத்தின் தொடக்கத்தில் காசு வார்க்கும் உரிமை தனியாருக்கு வழங்கப்படவே, ‘அரை லியாங்’ என்று எழுதிய காசுகள் எடையில் மெலிந்துகொண்டே போயின. மக்கள் அவற்றை எல்ம் மரத்தின் மெல்லிய விதைக்கு ஒப்பிட்டு எள்ளினர். கி.மு. 175-ல் பேரரசர் வென் 4 ஜூ எடையுள்ள காசை வெளியிட்டு, அதனைத் தனியாரும் வார்க்கலாம் என அறிவித்தார். அறிஞர் ஜியா யீ இதனைக் கண்டித்தார். செம்பு மலைகளைக் கைக்கொண்டிருந்த ஊ நாட்டுச் சிற்றரசர் காசு வார்த்தே பெருஞ்செல்வரானார், கி.மு. 154-ல் பேரரசுக்கு எதிராகப் படை திரட்டவும் செய்தார்.

இதிலிருந்து ஹான் அரசு கற்ற பாடமே ‘ஊ ஜூ’, அதாவது ‘ஐந்து ஜூ’ காசு. பேரரசர் ஊ கி.மு. 118-ல் இதனை அறிமுகப்படுத்தி, சில ஆண்டுகளில் வார்க்கும் உரிமை முழுவதையும் தலைநகர நாணயச்சாலைகளுக்கே உரியதாக்கினார். இதன் எடை ஏறத்தாழ மூன்றேகால் கிராம். விளிம்பை அராவி உலோகம் திருடுவோரைத் தடுக்க, ஓரத்தில் உயர்ந்த வரம்பு வைக்கப்பட்டது. எழுதிய எடையும் இருந்த எடையும் பெரும்பாலும் பொருந்தியமையால், எத்தனையோ அரசுகள் மாறியபோதும் ‘ஊ ஜூ’ என்னும் பெயர் எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் வழக்கிலிருந்தது.

இடையில் ஒரே ஒரு பெரும் முறிவு நேர்ந்தது. ஹான் அரியணையைக் கைப்பற்றி கி.பி. 9 முதல் 23 வரை ஆண்ட வாங் மாங், பழங்கால முறைகளை மீட்பதாகக் கூறி நாணயத்தைத் திரும்பத் திரும்ப மாற்றினார். கி.பி. 10-ல் அவர் வகுத்த முறையில் தங்கம், வெள்ளி, ஆமையோடு, சோழி, மண்வெட்டிக் காசு, வட்டக் காசு என 28 வகைப் பணம் இடம்பெற்றது. அவருடைய காசுகள் வார்ப்பழகில் ஈடிணையற்றவை. இன்றும் சேகரிப்போர் அவற்றைப் போற்றுகின்றனர். ஆனால் சந்தைக்குச் சென்ற குடியானவர், எது எத்தனைக்குச் சமம் என்றறியாமல் திகைத்தார். மக்கள் மறைவாகப் பழைய ஊ ஜூவையே புழங்கினர். தண்டனையும் நாடுகடத்தலும் அவர்களை மாற்றவில்லை. வாங் மாங் வீழ்ந்தபின், கி.பி. 40-ல் ஊ ஜூ மீண்டும் அரச நாணயமாயிற்று.

நான்கெழுத்துக் காசு

கி.பி. 621-ல் தாங் வம்சத்தின் முதல் பேரரசர் வெளியிட்ட ‘காய்யுவான் தோங்பாவ்’ சீன நாணயத்தின் போக்கையே மாற்றியது. அதன் நான்கெழுத்துகளையும் எழுதியவர் புகழ்பெற்ற எழுத்துக்கலைஞர் ஓயாங் ஷுன். காசின் பெயரிலிருந்து எடை நீங்கியது. ‘தோங்பாவ்’, அதாவது ‘புழங்கும் செல்வம்’ என்னும் தொடர் அதனிடத்தைப் பெற்றது. எனினும் எடை கைவிடப்படவில்லை. பத்துக் காசு ஒரு லியாங் எடையிருக்குமாறு வார்த்தனர். அந்த ஒழுங்கு அவ்வளவு உறுதியாக இருந்தமையால், காசைக் குறிக்கும் ‘சியென்’ என்னும் சொல்லே லியாங்கில் பத்தில் ஒரு பங்கு என்னும் எடையளவின் பெயராகிவிட்டது.

இதன் பின்னர் வந்த காசுகளில் பெரும்பாலானவை இந்த அமைப்பையே பின்பற்றின. நான்கில் இரண்டெழுத்து பொதுவாக அரசரின் ஆட்சிக்காலப் பெயர். ஏனைய இரண்டு ‘தோங்பாவ்’, ‘யுவான்பாவ்’, ‘ஜோங்பாவ்’ என்பவற்றுள் ஒன்று. ‘ஜோங்பாவ்’ என்பது ‘கனத்த செல்வம்’. பல காசுக்குச் சமமான பெரிய காசுகளில் இது மிகுதியும் காணப்படும். சில காசுகளை மேல், கீழ், வலம், இடம் என்ற வரிசையிலும், சிலவற்றை மேலிருந்து வலமாகச் சுற்றியும் படித்தல் வேண்டும்.

அரச உருவமோ விலங்குருவமோ இன்றி எழுத்தை மட்டுமே தாங்கிய நாணயம் என்னும்போது நமக்கு இன்னொரு நாணயம் நினைவுக்கு வரும். ஹிஜ்ரி 77-ல் உமையாக் கலீஃபா அப்துல் மலிக் உருவங்களை நீக்கி எழுத்தாலேயே தீனாரை அமைத்தார். இரு நாகரிகங்களும் தனித்தனிக் காரணங்களால் இந்நிலையை அடைந்தன. இரண்டிலும் எழுத்துக்கலை நாணயத்தின் அணியாயிற்று. சோங் பேரரசர் தாய்சோங் தம் கையாலேயே மூன்று எழுத்து நடைகளில் காசுக்கு எழுதித் தந்தார். பேரரசர் ஹுய்சோங்கின் ‘மெல்லிய பொன்’ எனப்படும் எழுத்து பொறித்த காசுகள் கலைப்பொருள்களாகவே மதிக்கப்படுகின்றன.

தீனாருக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு செய்முறையில் உள்ளது. தீனார், திர்ஹம் ஆகியவை உலோகத் தகட்டின் மீது அச்சு வைத்து அடிக்கப்பட்டவை. சீனக் காசு உருக்கி வார்க்கப்பட்டது. நேர்த்தியாகச் செதுக்கிய ‘தாய்க்காசு’களை நுண்மணலில் அழுத்திப் பள்ளம் உண்டாக்கி, அப்பள்ளங்களை வாய்க்காலால் இணைத்து, உருகிய உலோகத்தை ஊற்றுவர். ஆறியபின் எடுத்தால் கிளைகளில் காய் தொங்கும் மரம்போல் காசுகள் இணைந்திருக்கும். அவற்றை ஒடித்துச் சதுரக் கோலில் கோத்து ஓரங்களை அராவுவர். துளை சதுரமாக இருப்பதால் அராவும்போது காசு சுழலாது. வட்டம் வானையும் சதுரம் நிலத்தையும் குறிக்கும் என்னும் விளக்கமும் சீனரிடையே உண்டு. பட்டறைக்காரருக்கோ மேற்சொன்ன பயனே முதன்மையானது.

உலோகத்துக்கும் சொல்லுக்கும் இடையே

இத்தகைய நாணயம் ஒரு குறுகிய வரப்பின் மீது நடப்பதாகும். காசின் முகமதிப்பைவிட அதிலுள்ள செம்பின் விலை உயர்ந்தால், மக்கள் அதனை உருக்கிப் பாத்திரம் செய்துவிடுவர். செம்பின் விலையைவிட முகமதிப்பு மிக உயர்ந்தால் கள்ளக்காசு பெருகிவிடும். சீன அரசுகள் ஒருபுறம் உருக்குவோரையும் மறுபுறம் கள்ளவார்ப்போரையும் தண்டித்துக்கொண்டே இருந்ததன் காரணம் இதுதான். செம்புப் பற்றாக்குறையும் ஓயாத தொல்லையாக இருந்தது. 845-ல் தாங் பேரரசர் ஊசோங் பௌத்த மடங்களை ஒடுக்கியபோது, அவற்றின் வெண்கலச் சிலைகளும் மணிகளும்கூட உருக்கப்பட்டுக் காசாயின.

வார்ப்பின் உச்சத்தைத் தொட்டது வட சோங் வம்சம். 1080-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆண்டுக்கு ஐம்பது இலட்சம் கோவைக்கு மேல் செப்புக் காசு வார்க்கப்பட்டது. கோவை என்பது ஆயிரம் காசைக் கொண்ட கணக்கு. இவ்வளவு வார்த்தும் நாட்டில் காசு போதவில்லை. ஜப்பான், ஜாவா முதலிய நாடுகள் சீனக் காசையே தம் காசாகப் புழங்கியமையால் அது கப்பல் கப்பலாக வெளியேறியது. காசை வெளியே கொண்டுசெல்வதற்கிருந்த தடை 1074-ல் வாங் ஆன்ஷியின் சீர்திருத்தத்தில் தளர்த்தப்பட்டு, 1085-ல் மீண்டும் விதிக்கப்பட்டது. இந்த இடைக்காலத்தில்தான், 1077-ல், சோழநாட்டுத் தூதுக்குழுவினர் 72 பேர் சோங் அரசவைக்குச் சென்றனர். அவர்கள் கொண்டுசென்ற பொருள்களுக்கு ஈடாக 81,800 கோவைச் செப்புக் காசு அளிக்கப்பட்டதெனச் சீன வரலாறு கூறுகிறது. தஞ்சைப் பகுதியில் மன்னார்குடி, பட்டுக்கோட்டை வட்டாரங்களில் கிடைத்த சீனக் காசுப் புதையல்களில் வட சோங் காசுகளே மிகுதி என்பதை இத்துடன் சேர்த்துப் பார்த்தல் தகும்.

கடல் வழியே சென்ற காசின் அளவுக்கு இன்னொரு சான்று, 1323-ல் சீனாவின் நிங்போவிலிருந்து ஜப்பானுக்குப் புறப்பட்டுக் கொரியக் கரையருகே மூழ்கிய கப்பல். 1976-ல் தொடங்கிய அகழ்வில் அதன் அடித்தட்டிலிருந்து 28 டன் காசு எடுக்கப்பட்டது. எண்ணிக்கை ஏறத்தாழ எண்பது இலட்சம். ஸீராஃபில் சீன எழுத்துள்ள காசுகள் காணப்படுவதாக அபூ ஸைத் எழுதியதும் நினைவுகூரத்தக்கது. எதிர்த்திசைக்கும் சான்றுண்டு: 1964-ல் ஷியான் நகரருகே தாங் காலக் கல்லறையொன்றில் உமையாக்களின் தங்கத் தீனார்கள் மூன்று கிடைத்தன.

காசிலிருந்து காகிதத்துக்கு

மேற்கே சிச்சுவான் பகுதியில் செம்புக்குப் பதில் இரும்புக் காசு வழங்கியது. விலை குறைந்த உலோகமாதலின் சிறு பொருளுக்கும் பெருஞ்சுமை வேண்டியிருந்தது. இச்சுமையே காகிதப் பணத்தைப் பெற்றெடுத்தது. செங்து நகர வணிகர்கள் இரும்புக் காசைப் பெற்றுக்கொண்டு ‘ஜியாவ்ஸி’ என்னும் சீட்டு வழங்கினர். சிலர் வாக்குத் தவறவே, 1023-ல் அரசு அப்பணியை ஏற்று, மறு ஆண்டு முதற்சீட்டுகளை வெளியிட்டது. 12,56,340 கோவை மதிப்புள்ள சீட்டுகளுக்கு 3,60,000 கோவை இரும்புக் காசு கையிருப்பாக வைக்கப்பட்டது. அளவும் கையிருப்பும் பேணப்பட்டவரை சீட்டுக்கு மதிப்பிருந்தது. பின்னாளில் போர்ச்செலவுக்காக வரம்பின்றி அச்சிட்டபோது அது சரிந்தது.

மங்கோலிய யுவான் அரசு 1260 முதல் காகிதத்தையே தலைமைப் பணமாக்கிற்று. பதினான்காம் நூற்றாண்டின் நடுவே சீனம் சென்ற இப்னு பதூதா, அங்கே தீனாரும் திர்ஹமும் செல்லாதென்றும், உள்ளங்கையளவும் அரச முத்திரையும் கொண்ட காகிதத் துண்டுகளே புழங்குவதாகவும், அவை கிழிந்தால் கட்டணமின்றிப் புதியவை பெறலாமென்றும் எழுதுகிறார். சந்தையில் வெள்ளியைக் கொடுத்தால் யாரும் ஏறெடுத்துப் பாரார் என்பது அவர் கண்ட வியப்பு.

இதே முறையை ஈரானில் நடத்திப் பார்த்தவர் மங்கோலிய இல்கான் கெய்காத்து. ஹிஜ்ரி 693-ல் (1294) தப்ரீஸில் காகிதப் பணம் வெளியிடப்பட்டது. சீன எழுத்துகளோடு திருக்கலிமாவும் அதில் அச்சிடப்பட்டிருந்தது. எனினும் வணிகர்கள் கடைகளை அடைத்தனர். நகரில் உணவு கிடைக்கவில்லை. ஏறத்தாழ இரண்டு மாதத்தில் அது திரும்பப் பெறப்பட்டது. மக்களின் நம்பிக்கையைப் பெறாத அரசு, புனித வாசகத்தைப் பொறித்த மாத்திரத்தால் அதனைப் பெற்றுவிட முடியவில்லை. சீனத்திலும் யுவான் ஆட்சியின் இறுதியில் காகிதம் குவிந்து மதிப்பிழந்தது. 1368-ல் அவ்வாட்சியே முடிந்தது.

அரபு எழுத்தும் ஆயிரம் காசும்

மிங் வம்சமும் 1375-ல் காகிதப் பணம் வெளியிட்டது. நாளடைவில் அதுவும் மதிப்பிழக்கவே, பெருந்தொகைகளுக்கு வெள்ளிக் கட்டிகளை நிறுத்துக் கொடுக்கும் வழக்கம் பரவியது. அன்றாடக் கொடுக்கல் வாங்கலுக்குத் துளைக்காசு நின்றது. முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த கடற்தளபதி ஜெங் ஹேயின் காலத்து ‘யோங்லே தோங்பாவ்’ காசொன்று கென்யாவின் மண்டா தீவில் கிடைத்ததை 2013-ல் ஆய்வாளர்கள் அறிவித்தனர்.

சிங் வம்சக் காசுகளின் முன்புறம் சீன எழுத்தும் பின்புறம் மஞ்சு எழுத்தும் இருக்கும். சின்ஜியாங்கைச் சிங் அரசு கைப்பற்றியபின், 1760-ல் யார்க்கந்தில் தொடங்கிய நாணயச்சாலையின் காசுகளில் மூன்று எழுத்துகளைக் காணலாம்: முன்புறம் சீனம், பின்புறம் ஊர்ப்பெயர் மஞ்சு எழுத்திலும், அரபு எழுத்திலமைந்த துருக்கிய மொழியிலும். கலப்பற்ற செம்பாதலின் இவை ‘செங்காசு’ எனப்பட்டன. உள்ளூரார் ‘புல்’ என்றனர். 1864-ல் அங்கே சிங் ஆட்சிக்கெதிராகக் கிளர்ச்சி எழுந்தபோது, குச்சாவில் ராஷிதீன் கான் அரபு எழுத்து மட்டுமே பொறித்த துளைக்காசை வார்த்தார். காஷ்கரில் ஆண்ட யாகூப் பேக், உஸ்மானிய சுல்தான் அப்துல் அஸீஸின் பெயரால் தங்கமும் வெள்ளியும் அச்சடித்தார். ஆட்சியுரிமையை அறிவிக்க முதலில் நாணயத்தின் எழுத்தையே மாற்றினர் என்பது நோக்கத்தக்கது.

அதற்குச் சற்று முன்னர்தான் பழைய பாடம் மீண்டும் நடந்தேறியிருந்தது. தைப்பிங் கிளர்ச்சியால் 1853-ல் நான்ஜிங் வீழ்ந்தது. யுன்னானிலிருந்து செம்பு வரும் வழியும் அடைபட்டது. ஷியென்ஃபெங் பேரரசரின் அரசு 10, 50, 100, 500, 1000 காசு என முகமதிப்பிட்ட பெருங்காசுகளை வெளியிட்டது. ஆயிரம் காசு என்று எழுதப்பட்ட ஒன்றில் ஆயிரம் காசின் செம்பில் மிகச் சிறு பங்கே இருந்தது. கள்ளவார்ப்பு பெருகியது, கடைக்காரர் வாங்க மறுத்தனர், மிகப் பெரிய மதிப்புடையவை ஓரிரு ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன.

1889-ல் குவாங்தோங்கில் இயந்திர நாணயச்சாலை இயங்கத் தொடங்கியது. 1900-ல் அங்கே துளையற்ற செப்புக் காசும் அச்சடிக்கப்பட்டது. கடைசிப் பேரரசர் பூ யீயின் பெயரால் வெளிவந்த சிறு துளைக்காசுகளுடன், 1911-12-ல் முடியாட்சி முடிந்தபோது, இவ்வரலாறும் ஏறத்தாழ முடிவுற்றது.

நிறைவாக

நம் சட்ட அறிஞர்கள் தங்கம், வெள்ளியை இயல்பிலேயே விலைப்பொருள் என்றும், ஃபுலூஸை மக்கள் வழக்கால் விலைப்பொருளானது என்றும் பிரித்தனர். குறிப்பிட்டுக் காட்டிய ஒரு ஃபல்ஸுக்கு இரு ஃபல்ஸ் விற்கலாமா என்பதில் இமாம் அபூ ஹனீஃபாவும் அபூ யூஸுஃபும் ஆகும் என்றனர். வழக்கால் வந்த விலைத்தன்மையை அவ்விருவரும் தமக்குள் நீக்கிக்கொள்ளலாம் என்பது அவர்களின் காரணம். இமாம் முஹம்மத் ஆகாது என்றார். எல்லோரும் சேர்ந்து உண்டாக்கிய வழக்கை இருவர் நீக்க முடியாதென்பது அவர் வாதம். ஹிஜ்ரி 808-ல் அல்மக்ரீஸீ, எகிப்தின் துயரங்களுக்கு வரம்பின்றிப் பெருகிய செப்புக் காசையும் ஒரு காரணமாகக் காட்டி, தங்கமும் வெள்ளியுமே உண்மைப் பணம் என்றார்.

சீன வரலாற்றை அருகில் வைத்துப் பார்த்தால் இருதரப்பின் நியாயமும் விளங்கும். ஊ ஜூவும் காய்யுவானும் செம்பாலானவையே. ஆயினும் நூற்றாண்டுக்கணக்கில் மக்கள் அவற்றை ஐயமின்றி வாங்கினர். வாங் மாங்கின் பணத்தில் தங்கமும் இருந்தது. அதனை யாரும் நம்பவில்லை. எழுதிய சொல்லை அரசு காத்தபோது செம்பு பொன்னின் பணியைச் செய்தது. காக்காதபோது அக்கேடு முதலில் விடிந்தது நாட்கூலி பெற்ற ஏழையின் வீட்டில்தான். இன்று நம் கைகளில் புழங்கும் நோட்டும், கைப்பேசியில் தெரியும் எண்ணும் வழக்கால் வந்த விலைப்பொருள்களே. ஆகவே மாணவர்களுக்கு நான் சொல்லும் விடை இது: சீனர் செம்பை மட்டும் காசாக்கவில்லை, ஒரு வாக்கையும் சேர்த்தே வார்த்தனர். அந்த வாக்கு நின்ற காலத்தைத்தான் ஸீராஃபின் வணிகர்கள் கண்டு எழுதினார்கள்.